பொதுக்குளமும் கணினிப் பங்கீடும்



இரணைமடு என்னும் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. இரணை என்றால் இரட்டை. அருகருகே கிடந்த இரு நீர்நிலைகளை ஒரே பெருங்குளமாக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி பார்க்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் கருதினார். 1902இல் வேலை தொடங்கிற்று. நிறைவெய்த ஏறக்குறைய 20 ஆண்டுகள் சென்றன. முதலிற் குளக்கட்டு, பின்னர் துருசு, அதன்பின் வாய்க்கால். இவை யாவும் அமைந்த பிறகே கமக்காரருக்கு நீர்ப்பங்கு கிடைத்தது. இந்த வரிசையை மனத்திற் கொண்டால், முகிற்கணிமை என்று இன்று பேசப்படும் கலையின் வரலாறும் நமக்கு எளிதில் விளங்கும்.

1960களிற் கணினி பெருஞ்செல்வர் வீட்டு யானையைப் போன்றது. ஒன்றை வாங்கினால் பலரும் காத்திருந்தே பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். 1967இற் பயன்பாட்டுக்கு வந்த அவர்களுடைய சி.பி.-40 என்னும் ஒழுங்கு, ஒரே இயந்திரத்தைப் பதினான்கு வரையான கணினிகளாகத் தோன்றச் செய்தது. ஒவ்வொருவரும் முழுக் கணினியும் தமக்கே உரியதென எண்ணி வேலை செய்தனர். இதுவே மெய்நிகர் கணினி. 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் இது வணிகப் பொருளாகவும் அறிவிக்கப்பட்டது.

பின்னர் சிறு கணினிகள் மலிந்தன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணினி என்றாயிற்று. அவற்றுட் பல நாளின் பெரும்பகுதியும் சும்மா கிடந்தன. சிதறிக் கிடந்த இந்தக் குட்டைகளை மீண்டும் ஒரு குளமாக்கும் முயற்சியை 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் மேற்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே வேறோர் இயந்திரத்துக்கு மாற்றும் வசதியும் 2003இல் வந்தது. 2006இல் அமேசான் நிறுவனம் மணிக்கணக்கிற் கணினியை வாடகைக்கு விடத் தொடங்கிற்று. இன்று ஒருவர் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினாற் போதும். மனிதக் கை படாமலே சில நிமிடங்களிற் கணினி ஆயத்தமாகிவிடும். இதுவே தன்னியக்கம்.

ஆனால், வழங்கும் தன்னியக்கம் வருமுன் குளம் திருத்தமாக அமைந்திருக்க வேண்டும். ஒரு தொகுதியிற் சேரும் இயந்திரங்கள் தம்முள் ஒத்த இனத்தனவாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேலையை நிறுத்தாமல் மாற்றுவது கடினம். தரவுகளின் சேமிப்பகம் எல்லாவற்றுக்கும் பொதுவாய் இருத்தல் வேண்டும். வலையமைப்பில் எந்த முகவரி யாருக்கு என்பது முன்னரே வகுக்கப்பட வேண்டும். எல்லா இயந்திரங்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். புதிய கணினிக்கு வார்ப்பாக நிற்கும் மாதிரி பிழையற்றதாய் இருத்தல் வேண்டும். அதிலுள்ள ஒரு பிழை, அதிலிருந்து பிறக்கும் நூறு கணினிகளிலும் நிற்கும். ஓர் இயந்திரம் பழுதுற்றால் அதன் சுமையைத் தாங்கப் போதிய இடம் ஒதுக்கி வைக்கப்பட வேண்டும்.

யாவற்றிலும் பெரியது பங்கு. எல்லோரும் ஒரே வேளையிற் கேட்கமாட்டார் என்று நம்பி, உள்ள நினைவகத்தை விடக் கூடுதலாக வாக்களிப்பது இத்துறையில் வழக்கம். அளவோடு செய்தால் அது சிக்கனம். அளவு மீறினால் எல்லோருடைய வேலையும் ஒருங்கே தளரும். சிறுபோகத்துக்கு முன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, குளத்து நீரை அளந்து, இத்தனை ஏக்கரே விதைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். நீர் பங்கிடும் வட்டவிதானை தயங்க வேண்டிய இடத்தில் தயங்குவார். தன்னியக்கம் தயங்காது, எல்லை குறித்துக் கொடுக்கப்படாவிட்டாற் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். அப்பொழுது முந்தி வந்தவர் மூழ்கக் குடிப்பார்; பிந்தி வந்தவர் வறண்டு நிற்பார். ஆகவே அந்த எல்லையை வகுப்பது மனிதர் கூடிப் பேசிச் செய்ய வேண்டிய நீதி. அதை இயந்திரத்திடம் விட்டுவிடலாகாது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னியின் பிள்ளைகள் நாளை இத்தகைய பொதுக் கணினிக் குளங்களை அமைப்பார்கள். கதவைத் திறக்கும் கருவியை வாங்குமுன் கட்டையும் வாய்க்காலையும் பங்கையும் பார்க்க வேண்டும் என்பதை அவர்களுக்கு ஊரார் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குளத்தை நம்பி வாழும் மண்ணில் அது பழைய பாடம்.