கணினி அறிவியல் அசோசியேட் பட்டம்: பாடத் தேர்வில் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் கணினி அறிவியல் பயிலச் செல்லும் இந்திய மாணவர்களுக்குப் பாடத் தேர்வு புதிய பொறுப்பாக அமைகிறது. இந்தியாவில் பெரும்பாலான பாடங்களைப் பல்கலைக்கழகமே பருவவாரியாக வகுத்துத் தருகிறது. அங்கோ, எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் பயில்வது என்பதைப் பெரும்பாலும் மாணவரே முடிவு செய்கிறார். தேவையான கிரெடிட்டுகளைச் சேர்த்திருந்தும், உரிய பாடங்களை உரிய வரிசையில் முடிக்காததால் பட்டம் தள்ளிப்போக நேரிடலாம்.

பட்டத்தின் அமைப்பு

அசோசியேட் பட்டம் என்பது இரண்டாண்டு இளநிலைத் தகுதியாகும். இதற்குப் பொதுவாக 60 செமஸ்டர் கிரெடிட்டுகள் தேவை. ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு என்பது ஏறத்தாழ ஒரு கிரெடிட்டுக்கு இணையானது. பட்டம் பெற்றவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து, மேலும் இரண்டு ஆண்டுகள் பயின்று இளங்கலைப் பட்டம் பெறலாம்.

இதில் இரு வகைகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். 'அசோசியேட் ஆஃப் சயின்ஸ்' பட்டம் பெரும்பாலும் மேற்படிப்பைக் கருத்தில் கொண்டது. 'அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்' பட்டம் நேரடி வேலைவாய்ப்பை நோக்கமாகக் கொண்டது. பின்னதில் பயிலும் தொழிற்பாடங்கள் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காமல் போகலாம். எனவே, இளங்கலைப் பட்டத்தை இலக்காகக் கொண்டவர்கள் சேர்க்கையின்போதே வகையை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

கலிபோர்னியா நடைமுறை

கலிபோர்னியாவில் 2010-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், பல்கலைக்கழகத்திற்கு மாறிச் செல்வதற்கென்றே தனி அசோசியேட் பட்டம் உருவாக்கப்பட்டது. தகுதியுடன் இப்பட்டத்தைப் பெறுவோருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி செய்யப்படுகிறது. எனினும், விரும்பும் வளாகமோ விரும்பும் பாடப்பிரிவோ கிடைக்கும் என்பதற்கு அச்சட்டம் உறுதி அளிக்கவில்லை. வெளிநாட்டு மாணவர்கள், தங்களுக்குப் பொருந்தும் விதிகளைச் சேர விரும்பும் வளாகத்திடமே கேட்டறிய வேண்டும்.

பொதுக் கல்விப் பாடங்களுக்கு 'கால்-ஜிஇடிசி' என்ற ஒரே வரையறை 2025-ஆம் ஆண்டின் இலையுதிர்ப் பருவம் முதல் நடைமுறையில் உள்ளது. 34 கிரெடிட்டுகள் கொண்ட இதில் ஆங்கிலக் கட்டுரை, வாய்மொழித் தொடர்பு, கணிதம், கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல், இனக்குழு ஆய்வு ஆகியவை அடங்கும்.

முதன்மைப் பாடங்களாக இரண்டு நிலை நிரலாக்கம், கணினிக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம், இரண்டு நிலை நுண்கணிதம், இயற்பியல் ஆகியவை பொதுவாக இடம்பெறுகின்றன. இவற்றுள் நுண்கணிதமும் இயற்பியலும் பொதுக் கல்வியின் கணித, அறிவியல் பிரிவுகளையும் நிறைவு செய்யும். இவ்வாறு இரு தேவைகளுக்கும் பயன்படும் பாடங்களைத் தேர்ந்தெடுத்தால்தான் 60 கிரெடிட்டுகளுக்குள் படிப்பை முடிப்பது எளிதாகும். முதன்மைப் பாடங்களில் குறைந்தது 'சி' தரநிலை பெறுவது கட்டாயம்.

வரிசையே முக்கியம்

பல பாடங்களுக்கு முன்தேவைப் பாடங்கள் உண்டு. முதல் நிலை நுண்கணிதத்தை முடிக்காதவர் இரண்டாம் நிலைக்குச் செல்ல இயலாது. நுண்கணித அடிப்படையிலான இயற்பியலும் அதையே சார்ந்துள்ளது. இரண்டாம் நிலை நிரலாக்கத்திற்கு முதல் நிலை நிரலாக்கம் தேவை. எனவே, முதல் பருவத்திலேயே நுண்கணிதத்தையும் நிரலாக்கத்தையும் தொடங்குவது நல்லது. எளிய பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டுக் கணிதத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணுவோர், இறுதிப் பருவங்களில் கடினமான பாடங்கள் அனைத்தையும் ஒருசேரச் சுமக்க வேண்டியிருக்கும்.

சில உயர்நிலைப் பாடங்கள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடத்தப்படுவதும் உண்டு. அத்தகைய பாடத்தைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க நேரும். கணித அடிப்படையை வலுப்படுத்தும் தொடக்கநிலைப் பாடங்கள் பட்டத்திற்கான கணக்கில் சேர்க்கப்படாமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

விசா நிபந்தனைகள்

எஃப்-1 மாணவர் விசாவில் உள்ளவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட்டுகள் பயில வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பாடம் அல்லது 3 கிரெடிட்டுகள் அளவுக்கு மட்டுமே இணையவழி வகுப்பைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

விசாவுக்கான இந்தக் குறைந்தபட்ச அளவு, பட்டத்தை இரண்டு ஆண்டுகளில் முடிக்கப் போதுமானதன்று. பருவத்திற்கு 12 வீதம் நான்கு பருவங்களில் 48 கிரெடிட்டுகளே சேரும். எஞ்சிய 12-க்குக் கூடுதல் பருவமோ கோடைக்கால வகுப்போ தேவைப்படும். பருவத்திற்கு 15 கிரெடிட்டுகள் எடுத்தால் நான்கு பருவங்களில் 60 நிறைவடையும். கூடுதல் பருவம் என்பது குடும்பத்திற்குக் கூடுதல் வாழ்க்கைச் செலவாகும்.

படிப்புக்குப் பின் பணி அனுபவம் பெற, ஒரு கல்வி நிலைக்கு 12 மாதங்கள் வரை பயிற்சி அனுமதி வழங்கப்படுகிறது. அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்கான 24 மாத நீட்டிப்பு, இளங்கலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டங்களுக்கே பொருந்தும். அசோசியேட் பட்டத்திற்கு அந்த நீட்டிப்பு கிடையாது.

இந்தியாவுடன் ஒப்பீடு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு கட்டமைப்பின்படி, இரண்டாம் ஆண்டுடன் வெளியேறும் மாணவர் 80 கிரெடிட்டுகளுடன் தொழிற்பாடம் ஒன்றையும் முடித்தால் இளநிலை டிப்ளமோ பெறலாம். இரு நாட்டு கிரெடிட் முறைகளும் வெவ்வேறானவை என்பதால் 60, 80 ஆகிய எண்களை நேரடியாக ஒப்பிட இயலாது. இந்தியாவில் முதுநிலைப் படிப்புக்கு இளங்கலைப் பட்டம் தேவை என்பதால், அசோசியேட் பட்டத்துடன் திரும்புவோருக்கு வாய்ப்புகள் குறையும்.

திட்டமிடும் முறை

எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பிரிவில் சேர்வது என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே சிறந்த வழி. கலிபோர்னியாவில் எந்தக் கல்லூரிப் பாடத்தை எந்த அரசுப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை 'அசிஸ்ட்' என்ற அதிகாரப்பூர்வ இணையதளத்தில் அறியலாம். அதன் அடிப்படையில் நான்கு பருவங்களுக்கான அட்டவணையைத் தயாரித்து, கல்லூரியின் கல்வி ஆலோசகரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெறுவது நல்லது. ஒரு பாடத்தைக் கைவிடும் முன், 12 கிரெடிட் வரம்பு மீறப்படாமல் இருக்க, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும்.