இழுவை அலையெழுப்பி

இழுவை அலையெழுப்பி என்பது படகின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு, அலைச்சறுக்கு விளையாட்டிற்கு ஏற்ற அலையை உண்டாக்கும் கருவியாகும். இது நீரை விலக்கிச் செல்வதால் அலை எழுகிறது. விலக்கப்படும் நீரின் அளவு கூடினால் அலையின் உயரமும் கூடும். படகைத் தொடரும் அலையின் நீளம் வேகத்தைப் பொறுத்தது. ஆழமான நீரில், மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் அது சுமார் 12.6 மீட்டர் ஆகும்.

கரை அரிப்பு

பெரிய படகலைகள் கரையை அரிக்கக்கூடியவை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அலைச்சறுக்குப் படகுகளைக் கரையிலிருந்து 500 அடிக்கு (சுமார் 150 மீட்டர்) அப்பால் இயக்கப் பரிந்துரைத்தது. காவிரிப் படுகையில் கல்லணைக் கால்வாய் போன்ற பாசனக் கால்வாய்களில் இவ்வளவு இடைவெளி கிடைக்காது. அவற்றின் கரை உடைந்தால் நெல்வயல்கள் நீரில் மூழ்கும். எனவே இக்கருவி அகன்ற, ஆழமான நீர்நிலைகளுக்கே பொருந்தும்.