கரும்பலகையில் கடைசி எண்

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். வாசலில் கரும்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் அதில் 1 என்று எழுதி, முதல் பையனிடம், "டீ குடிச்சிட்டு வந்து, பலகையில இருக்கற ரூமைப் பெருக்கிடு" என்கிறார். அதை அழித்து 2 எழுதி, அடுத்தவனிடமும் அதையே சொல்கிறார். பிறகு 3, மூன்றாமவன். மூன்று பேரும் டீ குடித்துத் திரும்பிப் பலகையைப் பார்க்கிறார்கள். மூன்றாம் அறை மூன்று முறை பெருக்கப்படுகிறது. மற்ற இரண்டும் குப்பையாகவே கிடக்கின்றன. தப்பு யாருடையது?

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். லூப்புக்குள் ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி, 'அப்புறம் ஓடு' என்று விட்டால், அது எண்ணை ஞாபகம் வைப்பதில்லை. எண் எழுதியிருக்கும் பலகையைத்தான் ஞாபகம் வைக்கிறது. சுற்றியுள்ள பெயர்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போகும் இந்த ஏற்பாட்டுக்கு 1964-ல் பீட்டர் லாண்டின் 'க்ளோஷர்' என்று பெயர் வைத்தார்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வெப்சைட்டுகளுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' 2020 பிப்ரவரி 29 அன்று தன் புரோகிராமில் ஒரு தவறைக் கண்டுபிடித்தது. ஒரே விண்ணப்பத்தில் பத்துப் பெயர்களை மறுபடி சோதிக்க வேண்டியிருந்தால், அது ஒரே பெயரைப் பத்து முறை சோதித்துக்கொண்டிருந்தது! 'கோ' மொழியில் லூப் மாறியின் மதிப்பை எடுக்காமல் முகவரியை எடுத்ததன் விளைவு. அங்கே குட்டி ஃபங்ஷன் இல்லை. ஆனால் வியாதி அதேதான். பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30,48,289. ஏழு மாதம் யாருக்கும் தெரியவில்லை. காரணம் எளிது: ஒரே ஒரு அறை என்றால் பையன் சரியாகத்தானே பெருக்குவான்?

இந்த மாதிரித் தவறுகளை மோப்பம் பிடிக்கத்தான் லின்டர்கள். 1978-ல் பெல் லேப்ஸின் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதியது 'லின்ட்'. துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு என்று அர்த்தம். லின்டர் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதில்லை, படித்தே சந்தேகப்படும். பைதானில் பைலின்ட்டும் பக்பேரும், "இந்த ஃபங்ஷன் லூப் மாறியைப் பிடித்து வைக்கவில்லையே" என்று எச்சரிக்கின்றன. மருந்து சுலபம்: எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பையன் கையில் கொடுத்துவிட வேண்டும். பைதான்காரர்கள் ஃபங்ஷனின் தலைப்பிலேயே 'ஐ = ஐ' என்று எழுதுவது இந்தச் சீட்டுதான்.

ஆனால் லின்டர் கண்ணுக்கும் சிலது தப்பும். "அட, இதுகூடத் தெரியாதா?" என்று பல வருஷம் புரோகிராமர்களையே திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மொழிகளே இறங்கி வந்தன. சி ஷார்ப் 2012-ல் தன் 'ஃபார் ஈச்' லூப்பைத் திருத்திக்கொண்டது. ஜாவா ஸ்கிரிப்ட் 2015-ல் 'லெட்' கொண்டுவந்தது. கோ 2024 பிப்ரவரியில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப் பலகை கொடுத்தது. பைதான் மட்டும் பழைய பலகையை விடவில்லை.

ஒருத்தன் தடுக்கி விழுந்தால் அவனைத் திட்டலாம். ஊரே ஒரே இடத்தில் விழுந்தால், கல்லை எடுத்துப் போடுவதுதான் நியாயம்.