திறவுச்சொல் தேடலில் இரட்டிப்புத் தவிர்ப்பு

கணிப்பொறிக் கோப்புகளில் சில திறவுச்சொற்கள் பயின்றுவரும் இடங்களைச் சிறு நிரல் ஒன்றின் வாயிலாகத் தேடுங்கால், ஒரே வரியோ ஒரே கோப்போ விடைப்பட்டியலில் மீண்டும் மீண்டும் தோன்றாவண்ணம் காக்கும் முறைகள் இப்பெயரால் வழங்கும்.

வரலாறு

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்தின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடமே இம்முறைகளுக்குப் பிறப்பிடம். அங்கு உருவான யூனிக்ஸ் இயக்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே வரிகளை வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ இடம்பெற்றது. அடுத்தடுத்து நிற்கும் ஒத்த வரிகளுள் ஒன்றை மட்டும் நிறுத்தும் ‘யுனிக்’ 1973இல் சேர்ந்தது. டக்ளஸ் மெக்கில்ராய் பல்லாண்டு வற்புறுத்திய குழாய்முறையைக் கென் தாம்சன் அவ்வாண்டு நடைமுறைக்குக் கொணரவே, ஒரு கருவியின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகி, இவ்விரண்டும் இணைந்து இயங்கலாயின. தேடற்கருவியாகிய ‘கிரெப்’ என்பதும் தாம்சனின் ஆக்கமே. ‘எட்’ என்னும் தொகுப்பானின் ஒரு கட்டளையைத் தனிக்கருவியாகப் பிரித்தெடுத்து அவர் அதனை அமைத்தார்.

பல சொற்களை ஒருங்கே தேடும் பிரச்சினைக்கு ஆல்ஃபிரட் ஆகோ, மார்கரெட் கோராசிக் ஆகிய இருவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வுரை பூரணமான தீர்வு கண்டது. எல்லாத் திறவுச்சொற்களையும் ஒரே பொறியமைப்பாகக் கோத்து, உரையை ஒரே முறை படித்து முடிக்கும் அவ்வழி, நூலகத்து நூற்பட்டியல் தேடலின் வேகத்தை ஐந்து முதல் பத்து மடங்கு உயர்த்திற்று. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் ‘எஃப்கிரெப்’ இதன் வழிவந்தது. சொற்களைத் தொகுத்து வைத்துத் தேடுங்கால், ஒரு வரியில் எத்தனை சொற்கள் பொருந்தினும் அது அவ்வரியை ஒரு தடவையே தருவதாயிற்று.

காரணங்களும் பரிகாரங்களும்

இரட்டிப்புக்கு முதற்காரணம், சொல்லுக்கொரு முறையாகக் கோப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கும் நிரலமைப்பாகும். ‘கல்’, ‘கல்வி’ என்னும் இரண்டையும் தனித்தனியே தேடினால், ‘கல்வி’ உள்ள வரி இருமுறை அகப்படும். இதற்கு உத்தமமான பரிகாரம், சொற்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி ஒரே தேடலாக நடத்துவதே. கோப்பின் பெயர் மட்டும் வேண்டின், கிரெப்பின் ‘எல்’ தெரிவு பெயரை ஒரு தடவை தந்து அடுத்த கோப்புக்குச் செல்லும். குறியீட்டு இணைப்புகளால் ஒரே கோப்பு இருவழிகளில் எட்டப்படுமாயின், கோப்பு இருக்கும் சேமிப்பகத்தின் சாதன எண்ணையும், அதனுள் கோப்பை அடையாளங்காட்டும் ஐநோட் எண்ணையும் சேர்த்து ஒப்பிட்டு அறிதல் வேண்டும்.

கோப்பிலேயே ஒத்த வரிகள் பல இருப்பின், கிடைத்த விடையைப் பின்னர்ச் சுத்திகரிக்க நேரும். யுனிக் தனித்து நின்றால் தொலைவில் உள்ள பிரதிகளைக் காணாது. சார்ட்டோடு சேர்ந்தால் அவற்றை நீக்கும், ஆயின் மூலத்தின் வரிசை சிதையும். ஆகவே ஒவ்வொரு வரியையும் அட்டவணையிற் குறித்துக்கொண்டு, முதன்முறை கண்டதை மட்டும் வெளியிடும் ‘ஆக்’ மொழி வழியே சிறந்ததாகும்.

தற்கால நிலை

யூனிகோடில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறி ஒன்றாகவோ இரண்டாகவோ பதிவாகக்கூடுமாதலால், தமிழ்க் கோப்புகளை முதலில் ஒரே வடிவுக்குக் கொணர்தல் அவசியம். எவ்வகைக் கோப்பாயினும், தோன்றிய இரட்டிப்பைப் பின்னர் நீக்குவதினும் தோன்றாவாறு ஒருமுறையே தேடுதல் மேலானது.