ஒழுங்கும் குழப்பமும்: போர் விளையாட்டின் வரலாறு

படைகள் அணிவகுத்து நிற்கும்வரை போர்க்களத்தில் ஒழுங்கு ஆட்சி செய்கிறது. முதல் வெடி முழங்கியதும் புகை மூடுகிறது, ஆணைகள் வழிதவறுகின்றன, குழப்பம் அரசேறுகிறது. இவ்விரண்டையும் ஒரு மேசைமீது ஏற்றிப் பழகிப் பார்க்க மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்திருக்கிறான். விளையாட்டுத்தானே என்று நாம் ஒதுக்கிவிடுகிற அம்முயற்சியின் வரலாறு, ஆசிரியர்களாகிய நமக்கும் ஓர் உண்மையை உணர்த்துகிறது.

கட்டங்களுக்குள் அடங்கிய போர்

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரையே தாங்கி நிற்பது சதுரங்கம். ஆயினும் அது முழுக்க முழுக்க ஒழுங்கின் ஆட்டம். எதிரியின் காய்கள் யாவும் கண்ணெதிரே நிற்கின்றன. இட்ட கட்டளையை எக்காயும் மீறுவதில்லை. மழையும் இல்லை, சேறும் இல்லை. 1780ஆம் ஆண்டில் செருமானிய நாட்டுப் பிரன்ஸ்விக் நகரில், கணக்கு ஆசிரியரான ஹெல்விக் என்பார் சதுரங்கப் பலகையைப் பன்மடங்கு பெருக்கி, கட்டங்களுக்கு ஆறு, காடு, மலை என நிறம் தீட்டினார். நிலம் வந்தது, குழப்பம் வரவில்லை.

பகடையும் நடுவரும்

அக்குறையைத் தீர்த்தவர்கள் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் ஆவர். தந்தை 1812இல் தம் விளையாட்டை மன்னருக்குக் காட்டினார். பீரங்கிப் படை அதிகாரியான மகன் அதைத் திருத்தி 1824இல் நூலாக்கினார். கட்டங்கள் மறைந்தன, 8,000இல் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த நிலப்படம் வந்தது. ஒரு சுற்று ஆட்டம் இரண்டு நிமிடப் போருக்குச் சமம். சேதம் எவ்வளவு என்பதைப் பகடையும் அட்டவணையும் முடிவு செய்தன.

எல்லாவற்றினும் புதுமை நடுவர்தான். ஆடுவோர் தம் ஆணைகளை எழுதி அவரிடம் கொடுப்பர். எந்தப் படை எதைக் காணமுடியுமோ அதை மட்டுமே அவர் அந்தந்தத் தலைவருக்கு அறிவிப்பார். மலைக்கு அப்பால் பகைவன் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாமலே முடிவெடுக்க வேண்டும். பிரஷ்யப் படையின் தலைமை அதிகாரி முஃப்லிங் இதனைக் கண்டு, இது விளையாட்டன்று, போருக்கே பயிற்சி என்று வியந்து, படை முழுமைக்கும் பரிந்துரைத்தார்.

காலப்போக்கில் விதிகள் பெருகின. கணக்கிடுவதிலேயே பொழுது கழிந்தது. பெரும்போரை நடத்துவதில் என்றும் உள்ள இடர் இதுவே: ஒவ்வொரு வீரனுக்கும் பகடை உருட்டினால் போர் நகராது, உருட்டாவிட்டால் போர் போலத் தோன்றாது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, பட்டறிவு மிக்க நடுவரின் தீர்ப்புக்கே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றார். ஆட்டம் விரைந்தது. ஆனால் எல்லாம் நடுவரின் நேர்மையைச் சார்ந்ததாயிற்று.

அழிக்கப்பட்ட பகடை

நேர்மை தவறினால் என்ன ஆகும்? 1942 மே மாதம், மிட்வே தீவைத் தாக்கத் திட்டமிட்ட சப்பானியக் கடற்படையினர், யமாட்டோ என்னும் போர்க்கப்பலில் அத்தாக்குதலை மேசைமீது ஆடிப் பார்த்தனர். அப்போது நடந்ததைப் புச்சிடா, ஒக்குமியா என்னும் இரு கடற்படை அதிகாரிகள் போருக்குப் பின் எழுதிய நூல் கூறுகிறது. அமெரிக்க விமானங்களின் தாக்குதலுக்குப் பகடை உருட்டியபோது ஒன்பது குண்டுகள் இலக்கில் விழுந்ததாகக் கணக்காயிற்று. அக்காகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. தலைமை நடுவராயிருந்த உகாகி அதை ஏற்கவில்லை. ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். மூழ்கிய காகாவும் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது.

சூன் மாதம் உண்மைப் போர் மூண்டது. அக்காகி, காகா, சொர்யு, ஹிர்யு ஆகிய நான்கு விமானந்தாங்கிகளையும் சப்பான் இழந்தது. திட்டத்தின் ஒழுங்கைக் காப்பதற்காக மேசைமீது வந்த குழப்பத்தை அழித்தார்கள். அது கடலில் வந்து காத்திருந்தது.

நடவாத போரில் பிறந்த விளையாட்டு

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்தது. டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர், நெப்போலியன் காலப் போர் ஒன்றை நடத்த முனைந்தார். இரு படைகளுக்கு இடையே பிரௌன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊர். படைத்தலைவர் இருவர் போக, மற்றவர்க்கு நகரத்தலைவர் முதலான தனித்தனிப் பாத்திரங்களைக் கொடுத்தார். போர் தொடங்குமுன்னரே ஆளுக்கு ஒரு பக்கம் சூழ்ச்சி செய்யத் தொடங்கினர். இருவர் தமக்குள் ஒற்றைச் சண்டைக்கு நின்றனர். அதற்கு விதியே இல்லை. வெஸ்லி அங்கேயே விதி செய்தார். படைகள் மோதவே இல்லை. ஆட்டம் தோற்றது என்று அவர் வருந்தினார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டனர்.

அவருள் ஒருவரான டேவ் ஆர்னசன், இம்முறையை மாயமும் மந்திரமும் நிறைந்த கற்பனை நாட்டுக்குக் கொண்டு சென்றார். கேரி கைகாக்ஸ் என்பார் ஜெஃப் பெர்ரனுடன் சேர்ந்து 1971இல் எழுதிய ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டு நூலில், ஒரு பொம்மை இருபது வீரரைக் குறித்தது; மாயக் களத்துக்கும் தனிப்பகுதி இருந்தது. இவ்விரு வழியும் கூடி 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் பாகமேற்று ஆடும் விளையாட்டு பிறந்தது.

ஒழுங்கு நன்மையாகுமா?

அவ்வுலகில் உயிர்கள் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்று சார்பினவாகப் பிரிக்கப்பட்டன. குள்ளர் ஒழுங்கின் பக்கம். அரக்கரும் நெருப்புமிழும் நாகங்களும் குழப்பத்தின் பக்கம். இக்கருத்தை அதற்கு முன்பே பவுல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோர் தம் கதைகளில் கையாண்டிருந்தனர். மூர்காக்கின் உலகில் குழப்பம் வென்றால் எதுவும் நிலைப்பதில்லை. ஒழுங்கே முற்ற வென்றால் எதுவும் வளர்வதில்லை. துலாக்கோலின் சமநிலையே உயிர்க்கு உறுதி.

ஒழுங்கு என்றாலே நன்மை என்று பலர் எளிதாகக் கருதிவிட்டனர். இம்மயக்கம் நீங்க, பின்னர் நன்மை, தீமை என்னும் மற்றோர் அளவுகோலும் சேர்க்கப்பட்டது. 1978ஆம் ஆண்டுக் கையேட்டில் சார்புகள் ஒன்பதாயின. ஒழுங்கோடு தீமை செய்யும் கொடுங்கோலனுக்கும் அதில் இடமுண்டு. ஒழுங்குக்கு அடங்காத நல்லோனுக்கும் இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டைக் கண்டவர்க்கு இப்பாகுபாட்டின் பொருள் விளங்காமற் போகாது. அணிவகுப்பில் அடி பிசகாத படைகளே அந்நூற்றாண்டின் பெருங்கொடுமைகள் பலவற்றைச் செய்தன.

நமக்குரிய பாடம்

தோட்டப் பள்ளியில் பயிற்சி ஆசிரியர்களின் வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நான் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து வருகிறேன். நிமிடம் நிமிடமாகப் பாடக்குறிப்பு எழுதி வருவார்கள். நடுவில் ஒரு பிள்ளை எழுந்து எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்கும். “அது இன்றைய பாடத்தில் இல்லை, உட்கார்” என்று சொல்லிவிட்டால் குறிப்பு தப்பிக்கும், பாடம் மூழ்கும். இளமையில் நானும் அப்படிச் சொன்னவனே. ஒன்பதை மூன்றாக்கிய நடுவர் செய்ததும் அதுவேயன்றோ?

பாடக்குறிப்பு வேண்டாம் என்பதன்று என் கருத்து. விதியின்றி வெஸ்லியும் தொடங்கவில்லை. விதி முடிந்த இடத்தில் அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை என்பதே அவர் சிறப்பு. பகடை காட்டியதை மறைக்காத நடுவரே நல்ல நடுவர். பிள்ளையின் கேள்வியை அடக்காத ஆசிரியரும் அவரைப் போன்றவரே. குழப்பத்துக்கு இருக்கை கொடுத்து, அதனோடு பேசத் தெரிந்த ஒழுங்கே நிலைக்கும்.