சுமங்கலித் திட்டம்: நூற்பாலைகளும் ஆடை நிறுவனங்களின் தடுப்பு முயற்சிகளும்

சுமங்கலித் திட்டம் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் நிலவிய ஒரு வேலைமுறை. மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, தவணை முடிந்ததும் கல்யாணச் செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொல்வார்கள். மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு.

கோயம்புத்தூரின் பழைய மில்களில் நிரந்தர வேலையும் சங்கமும் பெற்றிருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1990களில் அம்மில்கள் பல நலிந்து மூடப்பட, சங்கம் கால்பதிக்காத திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் புதிய ஆலைகள் எழுந்தன. 2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வணிகத்தில் கோட்டா முறை நீங்கியதும் திருப்பூரின் ஏற்றுமதி பெருகி, நூலுக்கும் ஆளுக்கும் தேவை கூடியது. புரோக்கர்கள் தென்மாவட்டக் கிராமங்களுக்குப் போய், நிலமில்லாத குடும்பங்களில், குறிப்பாகத் தலித் குடும்பங்களில், பெண்பிள்ளைகளைத் தேடினார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் சேர்க்கப்பட்டனர்.

பேசிய தொகை பொதுவாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. அது ஆலை தந்த சீதனமல்ல, அப்பெண்களின் சம்பளத்திலேயே பிடித்துவைத்த கூலி. உடம்புக்கு முடியாமல் இடையில் நின்றுவிட்டால் அதுவும் கைக்கு வராமல் போனது. விடுதிக்கு வெளியே போகவும் செல்பேசியில் பேசவும் கட்டுப்பாடு இருந்தது. ஏடுகளில் அவர்கள் அப்ரண்டிஸ்கள். இரவு ஷிப்டில் அவர்கள் செய்ததோ முழு வேலை. ஆலை முதலாளிகள் இதைப் பயிற்சி என்றனர். ஆனால் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் கூறிவிட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் நோக்கிலும் இவ்வேலைமுறை கொத்தடிமையாகக் கருதத்தக்கது.

நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் இந்தியக் குழு என்ற அமைப்பும் 2011, 2014 ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள் ஐரோப்பிய, அமெரிக்க ஆடை நிறுவனங்களை நெருக்கின. அந்நிறுவனங்கள் தம் நடத்தை விதிகளில் இம்முறையைத் தடைசெய்து ஆடிட்டர்களை அனுப்பின. ஆனால் ஆடிட் துணி தைக்கும் ஆலையோடு நின்றது. நூல் பல மில்களிலிருந்து வந்து கலப்பதால், சட்டையின் நூல் எந்த விடுதிப் பெண் நூற்றது என்பது வாங்கும் நிறுவனத்துக்கே தெரியவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் ஆடிட்டரிடம், வார்டன் அருகில் நிற்க, எந்தப் பெண் வாய் திறப்பாள்? இதனால் சில நிறுவனங்கள் நூற்பாலை வரை தம் விநியோகத் தொடரை வரைந்து, மில்களின் பெயர்களை வெளியிடத் தொடங்கின. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத விற்றுவரவுள்ள நிறுவனங்கள் அடிமைமுறையைத் தடுக்கும் தம் நடவடிக்கைகளை அறிக்கையாக வெளியிட வேண்டும் என்று பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அறிக்கையின் தரத்தை அது கேட்கவில்லை.

இவற்றினும் வலுவானது, ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்துடன் இதைச் செய்துகொண்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய ஆடை நிறுவனங்களும் இதற்குச் சட்டப்படி கட்டுப்பட்டன. பயிற்சி பெற்ற பெண்கள் உற்பத்தி வரிசையிலேயே கண்காணிப்பாளர்களாயினர். நூற்பாலையொன்றும் இதன் வரம்புக்குள் வந்தது.

இன்று சுமங்கலி என்ற பெயரில் ஆள் எடுப்பது அருகிவிட்டது. விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்த் தொழிலாளர்கள் மிகுந்துள்ளனர்.