குழந்தையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம்

வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் சிசுக்களைப் பகற்பொழுதில் வைத்துக் காப்பதற்காக, 1844-ஆம் ஆண்டு நவம்பரில், பாரீஸ் நகரத்தின் ஷாயோ பகுதியில் ஓர் இல்லத்தைத் திறந்துவைத்த ஃபிர்மேன் மார்போ என்பவர், யாருடைய குழந்தையை ஏற்பது, யாருடையதை மறுப்பது என்பதையும் அப்போதே விதியாக வகுத்துவிட்டார். தாய் ஏழையாகவும், வீட்டுக்கு வெளியே வேலை செய்பவளாகவும், நன்னடத்தை உடையவளாகவும் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 20 சான்டீம் செலுத்த வேண்டும். குழந்தைக்கு நோய் இருக்கலாகாது. பணத்தையும் நோயையும் பற்றிய நிபந்தனைகளின் நியாயம் எவருக்கும் விளங்கும். நன்னடத்தையை நிறுத்துப் பார்க்கும் தராசு யார் கையில் இருந்தது என்பதே விசாரிக்கத் தக்கது.

அமெரிக்காவில் அது சீமாட்டிகளின் கையில் இருந்தது. நியூயார்க்கில் 1888-இல் இத்தகைய இல்லம் ஒன்றை நிறுவி, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மாதிரி இல்லமொன்றை நடத்திக் காட்டி, 1898-இல் இவ்வில்லங்களின் தேசிய சம்மேளனத்துக்குத் தலைவியான ஜோசபின் ஜூவல் டாட்ஜ் அம்மையாரின் காலத்தில், தர்மம் செய்வோரின் கமிட்டியைச் சேர்ந்தவர்கள் தாயின் வீட்டுக்கே சென்று, புருஷன் இருக்கிறானா, இருந்தால் உழைக்கத் திராணியுள்ளவனா என்றெல்லாம் விசாரிப்பது வழக்கமாயிருந்தது. மணமாகாத தாயைப் பல இல்லங்கள் வாசலோடு அனுப்பிவிட்டன. இதே அம்மையார் 1911-இல் பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென்ற தேசிய சங்கத்துக்கும் தலைவியானார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தாய் வேலைக்குப் போவது ஓர் ஆபத்துக்காலத்து அவசியமே என்று கருதுவோருக்கு, ஆபத்து நீங்கியதும் குழந்தையைத் திருப்பி அனுப்புவது இயல்பாகவே இருக்கும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் மத்திய சர்க்கார் பணத்தில் நடந்த பராமரிப்பு நிலையங்களுக்கு அந்த உதவி 1946 பிப்ரவரியோடு நின்றது. தாய்மாரின் தேவையோ நிற்கவில்லை. அதன் பெரும்பங்கை ஏற்றவர்கள், முன்னரும் இருந்தவர்களே: தம் வீட்டுக் கூடத்திலேயே அயலார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள். இங்கே கமிட்டியும் இல்லை, தர்மமும் இல்லை. முதலாளி, சமையற்காரி, செவிலி எல்லாம் ஒருத்தியே. இத்தனை குழந்தைகளுக்கு மேல் கூடாதென்று மாகாண லைசென்ஸ் வரம்பு கட்டியிருப்பதால், ஒரு குழந்தை நின்றாலே வரும்படியில் பெரும் பகுதி குறையும். ஆகவே எவரையும் போகச் சொல்ல அவள் எளிதில் துணிவதில்லை. பெற்றோரோ பெரும்பாலும் அண்டைவீட்டார், முகத்துக்கு நேரே சொல்லவும் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு மருந்தாகவே எழுத்து ஒப்பந்தம் வந்தது என்பது என் அபிப்பிராயம். முதற் சில வாரங்கள் பரீட்சைக் காலம். பிறகு நிறுத்துவதானால் இரு தரப்பும் இரண்டு வாரம் முன்னறிவிப்பு. அந்த இரண்டு வாரத்துக்கான தொகை சேர்க்கும்போதே முன்பணம். மாலையில் தாமதமாக வந்தால் நிமிஷக் கணக்கில் அபராதம். கட்டணம் பாக்கி நின்றாலோ, பிற குழந்தைகளுக்கு ஆபத்து நேர்ந்தாலோ முன்னறிவிப்பின்றியே விலக்கம். தாயின் ஒழுக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. அவள் நேரத்துக்கு வருகிறாளா, பணம் தருகிறாளா என்பதே கேள்வி. கமிட்டியின் விசாரணையைவிட இதை மரியாதையான ஏற்பாடென்றே சொல்வேன்.

தாயை விட்ட தராசு குழந்தையின் பக்கம் திரும்பியதென்றும் சொல்ல வேண்டும். கடிப்பதும் அடிப்பதும், இடைவிடாது அழுவதும் விலக்கத்துக்குக் காரணங்களாயின. அங்கஹீனம் காரணமாக எந்தக் குழந்தையையும் விலக்கலாகாதென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது; வீட்டுக் கூடத்தில் நடக்கும் பராமரிப்பும் அதற்கு உட்பட்டதே. 2005-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம், சர்க்கார் நிதி பெறும் முன்பள்ளிகளை ஆராய்ந்து, அங்கே குழந்தைகள் விலக்கப்படும் விகிதம் மேல்வகுப்புப் பள்ளிகளில் உள்ளதைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்றும், மனநல ஆலோசகரின் துணை கிடைக்கும் வகுப்புகளில் அது குறைவு என்றும் கண்டார். 2014-இல் மத்திய சர்க்காரின் இரண்டு இலாகாக்கள் சேர்ந்து, சிறு குழந்தைகளை விலக்குவதைத் தவிர்க்கும்படி அறிக்கை வெளியிட்டன. அது யோசனையே அன்றிக் கட்டளையன்று. வீட்டில் தனியாக ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவளுக்கு அத்தகைய ஆலோசகர் வாய்ப்பது அரிது. ஆகவே ஒப்பந்தத்தின் அந்த இரண்டு வார ஷரத்தை இன்றும் அவளே எழுதிக்கொள்கிறாள்.